சித்தப்பாவின் வலது கால்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்கள் வீட்டார் ஒரு காலை எடுத்துப்போய்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். காலுக்கு உரியவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, காரியம் ஒழுங்காக நடந்ததா என்று வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். அன்றைக்கும் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த யோசனையைச் சொன்னதே நான்தான்.

கால் என் சித்தப்பாவுடையது. அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. ஒதியம்பட்டுக்கு அந்தண்டை ஆற்றை ஒட்டினாற்போல் முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த ஊர் எங்களுடையது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வண்டியும் இரண்டு மாடும் இருந்தன. கரும்பு வெட்டுகிற மாதங்களில் அவரை வீட்டில் பார்ப்பதே அரிது. வண்டி வைத்திருந்தாரே தவிர வண்டியில் உட்கார மாட்டார். மாட்டுக்கு முன்னால் நடப்பார். அப்படி ஒரு நடை. ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் கோயிலுக்குப் பூசை காணப் போகும்போதும் அவர் முன்னால் போய்விடுவார். சித்தியும் நானும் அவருடைய வெள்ளை வேட்டி தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போவோம். அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. அடுத்த வீடு என்பதால் நான் பாதி நாள் சித்தி வீட்டில்தான் கிடப்பேன். சித்தப்பா சித்தியோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேசியும் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில், கரும்பு ஏற்றிய வண்டி ஆற்றுத் துறையில் இறங்கும்போது இடது மாடு சறுக்கியது. சித்தப்பா நுகத்தைத் தாங்கிப் பிடிக்கப் போய்க் கீழே விழ, சக்கரம் அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இரண்டு வாரத்தில் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் கறுத்தன. வீட்டுக்குள் நுழைந்தாலே ஒரு வாடை அடித்தது. அப்பா அவரை வில்லியனூரில் ரயில் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வெள்ளைக்கார டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: காலை எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், நாளைக்கு என்றால் உயிருக்கு நான் பொறுப்பில்லை. சித்தப்பா மாட்டேன் என்றார்.

"முழுசா பொறந்தேன். முழுசாவே போறேன். என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போங்க."

வலிக்குப் பயப்படுகிறார் என்று அப்பா முதலில் நினைத்தார். மயக்க மருந்து கொடுப்பார்கள், ஒன்றும் தெரியாது என்று தேறுதல் சொன்னார். பிறகு திட்டினார். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றுகொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலை ரயிலில் சித்தி கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பியபோது என்னையும் கூட்டிப்போனாள். பட்டணம் பார்க்கப் போகிறோம் என்று நான் நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன்.

சித்தப்பாவின் முகம் வற்றிப்போயிருந்தது. சித்தி கஞ்சியை ஊட்டினாள், அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"ஏன் சித்தப்பா மாட்டேங்கிற? அறுத்தா சரியாப்பூடும்னு அப்பா சொல்லுது."

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். பெரியவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டதை என்னிடம் சொல்லலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"நீதான் ஞானோபதேசம் படிக்கிறியே பாப்பா. கடைசி நாள்ல இன்னா ஆவும்?"

கோயிலில் உபதேசியார் வாராவாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம், எனக்குத் தெரியாத கேள்வியா? எக்காளம் ஊதும், குழிகள் திறக்கும், செத்தவர்கள் எல்லாரும் அவரவர் சரீரத்தோடு எழுந்து சர்வேசுரன் முன்னால் நடுத்தீர்வைக்குப் போவார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அவங்கவங்க சரீரத்தோட, இல்ல?" என்றார் சித்தப்பா. "அப்ப நம்மூரு குழியிலருந்து நானும் எழுந்திருப்பேன். எங்காலு இந்தப் பட்டணத்துல எந்தக் குப்பக் குழியில கெடக்குமோ. நொண்டிக்கினே இம்மாந்தூரம் வந்து தேடுவேனா? எல்லாரும் சாமிகிட்ட போயிடுவாங்க. நான் மட்டும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு எங்காலக் குடுங்கன்னு கேப்பேனா?"

சித்தி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சித்தப்பா படிக்காதவர். ஆனால் சாயங்கால ஜெபத்தில் சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன், அதாவது செத்த உடம்பு திரும்ப எழும் என்று நம்புகிறேன், என்று தினமும் எல்லாரோடும் சேர்ந்து சொல்லுவார். நாங்களும் சொன்னோம். சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போனோம். அவர் அந்த வார்த்தையை உள்ளபடியே நம்பியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் வில்லியனூருக்கு ஆள் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் பங்குச் சாமியார் வந்துவிட்டார். அவரும் வெள்ளைக்காரர், நரைத்த நீளத் தாடி, புத்தகத்தில் உள்ளது போலத் தமிழ் பேசுவார். கட்டில் அருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகனே, சர்வேசுரன் ஒன்றுமில்லாமையிலிருந்து இந்த உலகத்தை உண்டாக்கினார். உன் ஒரு காலை அவர் திரும்ப உண்டாக்க மாட்டாரோ?"

"உண்டாக்குவாரு சாமி. அது புதுக்காலு. எனக்கு எங்காலுதான் வேணும். இருவத்தெட்டு வருசமா என்னத் தூக்கிக்கினு நடந்த காலு சாமி அது."

"வேதசாட்சிகளைச் சிங்கங்கள் தின்றன. சிலரை நெருப்பில் சுட்டார்கள். அவர்களெல்லாம் முழுமையாய் எழுந்திருக்க மாட்டார்களா?"

"அவங்க வேதசாட்சிங்க. அவங்க எலும்ப சர்வேசுரனே குனிஞ்சி பொறுக்குவாரு. நான் வண்டிக்காரன். எனக்குன்னு யாரு சாமி தேடுவாங்க?"

சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். நோயாளிகளைக் கவனிக்கிற மடத்துக் கன்னியம்மா ஒருத்தி பக்கத்தில் நின்றவள், அவருடைய முகத்தைப் பார்த்தாள். சித்தி ஓசையில்லாமல் அழத் தொடங்கியிருந்தாள். எனக்கு ரயில் போய்விடுமே என்று கவலை. அதனால்தானோ என்னவோ எனக்கு அது மிகச் சுலபமான கணக்காகத் தோன்றிற்று.

"சாமி, அந்தக் கால நம்ம ஊருக்கே கொண்ணாந்து பொதச்சிட்டா இன்னா? சித்தப்பாவுக்குன்னு எடம் வச்சி, அந்த எடத்துலியே. அப்ப தேட வேணாம்ல?"

அப்பா என்னை அதட்ட வாயெடுத்தார். சாமியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சித்தப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆவுமா சாமி?"

சாமியார் நிதானமாகச் சொன்னார்: "ஆகும். ஞானஸ்நானம் பெற்ற கால்தானே."

அன்றைக்கே சித்தப்பா காகிதத்தில் கைநாட்டு வைத்தார். மறுநாள் காலையில் காலை எடுத்தார்கள். கன்னியம்மா அதை வெள்ளைத் துணியில் சுற்றிச் சுண்ணாம்பு போட்ட மரப்பெட்டியில் வைத்து அப்பாவிடம் கொடுத்தாள். பெட்டி ரயிலில் போகக் கூடாது என்றார்கள். அப்பா வண்டி பேசி எடுத்துவந்தார்.

அடக்கம் என்றால் மேரியில் எழுத வேண்டும். பிறப்பு இறப்பு பதிகிற கம்யூன் கச்சேரிக்கு எங்கள் பக்கத்தில் மேரி என்று பெயர். தேவமாதாவின் பெயரில் சர்க்கார் நடக்கிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அங்கே நடந்ததை அப்பா பிற்காலத்தில் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்தர் செத்தவர் பெயரைக் கேட்டாராம், அப்பா சொன்னாராம். எப்போ செத்தாரு என்று கேட்டாராம். சாவல என்றாராம் அப்பா. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். அவர் உள்ளே போய் யாரையோ கேட்டு, வெளியே வந்து வேறு யாரையோ கேட்டு, கடைசியில் ஒரு சீட்டில் பிரெஞ்சில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். என்ன எழுதியிருந்தது என்று எங்கள் ஊரில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மூன்று மணி வெயிலில் பெட்டி கல்லறைக்கு வந்தது. ஊரே திரண்டுவிட்டது. துக்க மணி அடிப்பதா வேண்டாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மூத்தவளான அத்தை பெட்டியைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். 'போனாயே' என்று ஒரு அடி பாடிவிட்டு, போனது யார் என்று குழம்பி நின்றாள்.

"தே, வாய மூடு. அவன் உசுரோடதான் இருக்கான்" என்றார் அப்பா. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தி சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பனைமரங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, நாலு மூலையிலும் கல் நட்டிருந்தார்கள். கால்மாட்டில் மட்டும் சின்னதாக ஒரு குழி வெட்டியிருந்தது. பெட்டியை இறக்கும் சமயத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

"அது எடது பக்கம்!" என்று கத்தினேன்.

குழி வெட்டியவர் இல்லை என்றார். அவர் கால்மாட்டில் நின்று தலைமாட்டைப் பார்த்து வலது கணக்குப் பண்ணியிருந்தார். சித்தப்பா மல்லாந்து படுத்தால் வலது கால் அந்தப் பக்கம் வரும் என்று நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. நான் யோசிக்காமல் அந்த நாலு கல்லுக்கு நடுவே போய் மல்லாந்து படுத்து, என் வலது காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினேன்.

அத்தை அலறிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். முதுகில் இரண்டு வைத்தாள். ஆனால் குழியை மாற்றி வெட்டினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம். காலுக்கு என்ன ஜெபம் சொல்வது என்று புத்தகத்தில் இல்லை போலும். சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு தாமாகவே மெல்ல ஏதோ சொன்னார்.

சித்தப்பா ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் முதலில் வண்டியைக் கல்லறைக்குத்தான் விடச் சொன்னார். அங்கே தம்முடைய இடத்தை வெகுநேரம் பார்த்தார். நான் பெருமையோடு வலது பக்கத்தைக் காட்டினேன்.

"நல்ல வேளடி, நீ இருந்த" என்றார். எனக்கு அது போதும்.

கக்கத்தில் ஊன்றிக்கொள்ளக் கட்டை ஒன்று செய்து கொடுத்தார்கள். தெருவில் அது உதவிற்று. வரப்பிலும் ஆற்று மணலிலும் உதவவில்லை. அதனால் சித்தப்பா வலது கையைச் சித்தியின் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் நடப்பதே கிடையாது. இவர்கள் பட்டப்பகலில், தோளில் கை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிற பெரிய சாலையில் போனார்கள். கிணற்றடியில் பெண்கள் கேலி பேசினார்கள். "மாப்ளயும் பொண்ணும் ஊர்கோலம் போறாங்க" என்றாள் ஒருத்தி. மறுவாரம் சித்தி தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வேகம் போய்விட்டதால் சித்தப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அந்த மாமரம் போன வருஷம் காய்த்தது, இந்தக் கழனியில் நண்டு அதிகம் என்று ஒன்றுமில்லாத பேச்சு. சித்தி கேட்டுக்கொண்டே வருவாள், சில சமயம் சிரிப்பாள். நான் முன்னே ஓடினால் கூப்பிடுவாரில்லை, பின்னே தங்கினால் திரும்பிப் பார்ப்பாரில்லை. என்னை இரண்டு பேரும் கொஞ்சம் மறந்துவிட்டார்கள் என்று எனக்கு வருத்தம்கூட உண்டு. கோயிலில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. சித்தப்பா வாசற்படியில் சித்தியின் தோளை விட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொள்வார். பூசை முடிந்து நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சித்தி முதல் ஆளாக அந்தத் தூணருகே போய் நின்றிருப்பாள்.

இப்படி ஐந்து மாதம்.

ஆவணியில் காய்ச்சல் வந்தது. வெட்டின இடம் மறுபடியும் வீங்கிற்று. அப்பா மறுபடியும் பட்டணத்துக்குப் போகலாம் என்றார். டாக்டரே வந்து பார்த்துவிட்டு, போக வேண்டாம் என்று அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு சாமியார் அவஸ்தை பூச வந்தார். கண், காது, மூக்கு, வாய், கைகள் என்று வரிசையாக எண்ணெய் தொட்டு வைத்து, கடைசியாக இடது பாதத்தில் வைத்தார். பிறகு ஒரு கணம் தயங்கி, பாயில் வலது பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தின் மேல் விரலால் சிலுவை வரைந்தார். சித்தப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

அடக்கத்தன்று ஊரில் அழாதவள் நான் ஒருத்திதான். எனக்குச் சித்தப்பா மேல் பிரியம் இல்லாமல் இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, ஒன்றும் குறையில்லை, இனி எக்காளம் ஊத வேண்டியதுதான் பாக்கி என்பது என் எண்ணம். அத்தை இந்தத் தடவை தடையில்லாமல் ஒப்பாரி சொன்னாள். நான் சித்தியின் புடவையைப் பிடித்து இழுத்து, "அழுவாத சித்தி, காலு அங்கியேதான் இருக்குது" என்று சொன்னேன். சித்தி என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

கார்த்திகைக்கு முந்தி கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களின் குழிக்கெல்லாம் வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி வைக்கிற நாள். அதற்கு முதல் நாள் பிற்பகல் சித்தியும் நானும் அவள் வீட்டு வாசலில் கோழிக்கொண்டைப் பூவைப் பரப்பிக்கொண்டு மாலை கட்டிக்கொண்டிருந்தோம். நான் எடுத்துக் கொடுக்க அவள் கட்டினாள். சித்தி அந்த நாட்களில் அதிகம் பேசுவதில்லை. திடீரென்று கேட்டாள்.

"ரெண்டு காலோடதான எழுந்திருப்பாரு?"

"ஆமா சித்தி. முழுசா. ஒரு தழும்புகூட இருக்காது."

"அப்ப பழையபடி வெரசா நடப்பாரு."

"நடக்கிறதா? நெனச்ச எடத்துக்கு நெனச்ச ஒடனே போலாமாம். உபதேசியார் சொன்னாரு."

சித்தி நாலைந்து பூவைச் சேர்த்துக் கட்டினாள். நாரை இறுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நான் பின்னால வரேனான்னு திரும்பிப் பாப்பாராடி?"

நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். போன வாரப் பாடம் அப்படியே நினைவில் இருந்தது. உபதேசியார் முன்னால் கைகட்டி நின்று சொன்னதைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அங்க புருசன் பொண்டாட்டின்னுல்லாம் கெடையாது சித்தி. உத்தானத்துக்கு அப்பறம் கல்யாணமே கெடையாதாம். எல்லாரும் மோட்சத்துல றெக்க வச்ச சம்மனசுங்க மாதிரி தனித்தனியா இருப்பாங்களாம்."

"யாரு சொன்னது?"

"யேசுநாதரே சொல்லியிருக்காராம்."

"அப்படியா" என்றாள் சித்தி.

பாதி கட்டிய மாலையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. மீதிப் பூவை நானே கட்டி முடித்தேன். ஒரு வார்த்தை பிசகாமல் பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன் நான். உபதேசியார் கேட்டிருந்தால் ஒரு சுரூபப் படம் பரிசாகக் கொடுத்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, சித்தி ஏன் எழுந்து போனாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.